சலூன் வாசலில் ஒரு சுத்தமான நகரம்

குப்பையை எரித்த நகரங்கள் உண்டு, புதைத்த நகரங்கள் உண்டு, ராவோடு ராவாகப் பக்கத்து ஊரில் கொட்டிவிட்டு வந்த நகரங்களும் உண்டு. குப்பையைத் தொடாமலே ஒழித்த பெருமை எங்கள் மாநகராட்சிக்கு மட்டுமே உரியது.

முறை எளிது. குடிமக்கள் குப்பையைப் படம் எடுத்துச் செயலியில் புகார் போடுவார்கள். இடம் சுத்தமாகிவிட்டதென்று மாநகராட்சி பதிலுக்கு ஒரு படம் போடும். புகார் ‘தீர்வு’ அடைந்துவிடும். முதல் படத்துக்கு ஊரெல்லாம் இடம் இருந்தது. இரண்டாவது படத்துக்குத் தேடியலைந்ததில் சிக்கியது ஒன்றே ஒன்று: சலூன்காரரின் கடை வாசல்.

ஷட்டரைத் தூக்கியதும் அவர் வாசலைக் கூட்டிக் கழுவிவிடுவார். துடைப்பத்தைச் சாய்த்து வைக்கவும், சுகாதார மேற்பார்வையாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கவும் சரியாக இருக்கும்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. இப்ப உங்க வாசல் மீன் மார்க்கெட்.” கிளிக். “இந்தப் பக்கம் திரும்பினா பஸ் ஸ்டாண்ட்.” கிளிக். “குனிஞ்சு எடுத்தா ஆஸ்பத்திரி பின்பக்கம்!”

சலூன்காரருக்கு உள்ளூரப் பெருமைதான். ஒரே துணியைப் பத்துப் பேருக்கு விரித்துக் காட்டும் ஜவுளிக்கடைக்காரரே அசந்துபோகும் வியாபாரம் அல்லவா?

குறை ஒன்று. கடையின் பின்பக்கச் சந்தில் குப்பை ஜன்னல் வரை ஏறிவிட்டது. நாற்றம் தாங்காமல் எழுந்து ஓடிய வாடிக்கைக்காரர் ஒருவர், பாதி மீசையோடு போனவர் போனவர்தான். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று சலூன்காரரும் புகார் போட்டார். சுடச்சுடத் ‘தீர்வு’ வந்தது. படத்தில் அவருடைய வாசல்.

“ஏங்க, இது நம்ம துடைப்பமாச்சே!” என்றாள் மனைவி. “நாளைக்குக் கூட்டாதீங்க. என்னதான் பண்றாங்கன்னு பாப்போம்.”

கூட்டவில்லை. மறுநாள் மதியத்துக்குள் மாநகரம் நிலைகுலைந்தது. ஒரு புகாரும் தீரவில்லை. மேற்பார்வையாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“மானத்தை வாங்காதீங்கண்ணே. நம்ம ஆணையருக்குத் ‘தூய நகர’ விருது குடுக்கப் போறாங்க!”

“சந்துக் குப்பையை அள்ளுங்க, வாசலைக் கூட்டறேன்.”

“சந்துதான் சுத்தமாயிடுச்சே. படம் இருக்கே!”

“சார், அது என் வாசல்.”

“பாத்தீங்களா, சுத்தமா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

“சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பாதி அள்ளுங்க.”

“சுத்தமான இடத்துல பாதி அள்ளினா ஆடிட்ல மாட்டிக்குவேண்ணே!”

பேரம் படியவில்லை. அவசரக் கூட்டம் கூடியது. ஒரு மாநகரம் தனியார் துடைப்பம் ஒன்றை நம்பியிருப்பது ஆபத்து என்று தேநீருடன் உணரப்பட்டது. பிஸ்கட் உறைகள் ஜன்னல் வழியாக ‘அப்புறப்படுத்தப்பட்டன’. விரைவிலேயே சலூன் வாசலைச் சுற்றிப் பளபளவென்று கம்பி வேலி எழுந்தது: ‘முன்மாதிரித் தூய்மைப் பகுதி. பொதுமக்கள் நுழையக் கூடாது.’ உள்ளே கூட்ட ஒருவர். அவர் கூட்டுவதைக் கவனிக்க நால்வர்.

வாடிக்கைக்காரர்கள் பின்கதவு வழியாக வரலாம் என்று ஆணை பிறந்தது. குப்பை மேட்டில் ஏறி இறங்கத் தெம்புள்ளவர்கள் வந்தார்கள். மற்றவர்கள் தாடி வளர்த்தார்கள்.

விருது நாளன்று முன்மாதிரிப் பகுதியைப் பார்வையிட வந்த ஆணையருக்கு, மேடையேறுமுன் ஒரு சவரம் செய்துகொண்டால் தேவலை என்று தோன்றியது. வேலிக்குள் கால்வைத்தால் அன்றைய படங்களெல்லாம் கெட்டுவிடும் என்று மேற்பார்வையாளர் கெஞ்சினார். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போன ஆணையர், முழங்கால் வரை புதைந்து, ஒரு ஷூவைச் சந்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டு, காலியான கடைக்குள் வந்து நாற்காலியில் விழுந்தார்.

சலூன்காரர் நுரை பூசினார். கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோனார்.

“என்னய்யா அநியாயம் இது!” என்று ஆணையர் துள்ளினார். “இவ்வளவு குப்பை கிடக்கு, ஒருத்தர்கூடவா புகார் பண்ணல?”

“ஆடாதீங்க சார், கீறிடும்” என்றார் சலூன்காரர். “பண்ணினேன். தீர்த்துட்டீங்க.”