ஒரே பொன்னாடை, ஊரெல்லாம் மரியாதை

கஞ்சத்தனத்தை நேர்மை என்று நம்புகிறவனிடம் தேர்தல் செலவுப் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது. என் மச்சான் (மனைவியின் அண்ணன், தென்காசிப் பக்கத்து எம்.எல்.ஏ.) இரண்டாம் முறை நின்றபோது என்னிடம் கொடுத்தார். எனக்குக் கல்யாணமான புதிது. செலவு வரம்பை மீறினால் அவர் பதவிக்கு ஆபத்து. மாமனார் வீட்டில் என் சோற்றுக்கே ஆபத்து. ஒரு பைசா தாண்ட விடமாட்டேன் என்று சபதமே போட்டேன்.

நன்கொடை தருகிறவர்களிடம், "பொன்னாடை வாங்காதீங்க அண்ணாச்சி, அந்தக் காசையும் சேத்து செக்கா குடுத்துருங்க" என்றேன். கொடுத்தார்கள். ஆனால் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுக்காமல் நகர மாட்டோம் என்றார்கள். உடனே என் மூளை வேலை செய்தது (அதுதான் வினையே). ஒரே ஒரு பொன்னாடை வாங்கினேன்.

ஆய்க்குடியில் ஒருவர் போர்த்துவார். போட்டோ எடுத்ததும் மச்சானின் முதுகுப் பக்கமாகக் குனிந்து போய் உருவி, மடித்து, வரிசையில் அடுத்தவர் கையில் திணிப்பேன். அங்கேயே சாப்பாட்டுப் பந்தியில் அதில் சாம்பார் கொட்டிவிட்டது. நானா விடுவேன்? கறை முதுகுப் பக்கம் வருகிற மாதிரி மடித்துக் கொடுத்து, கீழப்பாவூர், அச்சன்புதூர், குற்றாலம் வரை ஓட்டினேன். தேர்தல் அலுவலர்களின் வீடியோக் குழு பின்னாலேயே வந்தது. எடுக்கட்டும், நம் சிக்கனத்தை நாடே பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தேன்.

அந்த வாரமே நோட்டீஸ் வந்தது. வீடியோவில் எத்தனை தடவை போர்த்தினார்களோ அத்தனை பொன்னாடை என்று செலவில் ஏற்றிவிட்டார்கள். ஒரு ஜவுளிக்கடையே மச்சான் தோளில் ஏறியிருந்தது.

"என்ன மாப்ளே, கவுத்திட்டீரே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் மச்சான்.

"நான் விடமாட்டேன் மச்சான்" என்று பொன்னாடையோடு தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். நன்கொடை கொடுத்த அச்சன்புதூர் அண்ணாச்சியையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், எல்லாம் இந்த ஒண்ணுதான். வீடியோவைப் போடுங்க, முதுகுல சாம்பார் கறையைப் பாருங்க!"

போட்டார்கள். எல்லா ஊரிலும் அதே கறை. எல்லா ஊரிலும் குனிந்து வந்து உருவிக்கொண்டு ஓடுகிற நான். அண்ணாச்சி கொதித்து எழுந்துவிட்டார். "அடப்பாவி! நான் போத்துன சூடு ஆறுததுக்குள்ள உருவுதாரே!"

அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே ஒரு பொன்னாடை என்று திருத்தினார். மச்சான் தப்பித்தார், ஜெயித்தார். என் மானம் மட்டும் தோற்றது.

போன மாதம் என் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமனாக வந்த மச்சான், ஊர் பார்க்க எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குனிந்து பார்த்தால் அதே சாம்பார் கறை! போட்டோ எடுத்த கையோடு அவர் கையை நீட்டினார்.

"கழத்தும் மாப்ளே, அடுத்த ஆளு நிக்காரு."