இருபத்திரண்டு கில்டர் அறை

சிக்கன ஐரோப்பியப் பயணம் என்னும் அரிய அறிவியலுக்கு ஹூஸ்டன் மாநகரம் தந்த மாபெரும் கொடை சத்தியசீலன். இத்துறையில் அவரைப் போல் உழைத்தவர் அமெரிக்காவிலேயே இல்லை. ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்கள் உண்டு. அது வேறு விஷயம்.

1995 வசந்தத்தில் டாலர் மதிப்பு சரிந்துகொண்டே இருந்தது. நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவி ஜெயலீலா, மூன்று வருடம் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் பார்த்து மூன்று டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்திருந்தார். மூன்றாவது டிக்கெட் மகள் ஸ்டெஃபிக்கு.

"விலை ஏறிட்டே போகுதுங்க. இப்பவே புக் பண்ணிடலாம்."

"அவசரப்படாதே ஜெயா. ரிசர்ச் முடியட்டும்."

ஆராய்ச்சிக்கு ஆதாரம், நூலகத்தில் கழித்துப்போட்டதைக் கால் டாலருக்கு வாங்கிய 1978ஆம் வருடத்துப் பயண வழிகாட்டி. ஆம்ஸ்டர்டாமில் ஒரு விடுதி, நாள் வாடகை அந்நாட்டுப் பணத்தில் இருபத்திரண்டு கில்டர், காலையில் முட்டை இலவசம் என்று அதில் போட்டிருந்தது. தினமும் காலை ஆறரைக்கு, ஆபீஸ் கிளம்பும் முன், சத்தியசீலன் அந்த விடுதிக்கார அம்மாளுடன் தொலைபேசியில் "உயர்மட்டப் பேச்சுவார்த்தை" நடத்தினார்.

"மேடம், இருபத்திரண்டுன்னு அச்சுலயே இருக்கே!"

"அது என் மாமியார் வைத்த விலை. இப்போது நூற்றுப்பத்து."

"அவங்ககிட்ட பேசலாமா?"

"இறந்துவிட்டார்."

"ஆழ்ந்த அனுதாபங்கள். முட்டை உண்டுதானே?"

மூன்று வாரத்தில் அந்த அம்மாள் ஐந்து கில்டர் இறங்கி வந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிடும்போது சத்தியசீலன் இந்த வெற்றியை அறிவிக்க, சபையார் கைதட்டினார்கள். அடுத்த வாரமே டாலர் இன்னும் சரிந்து அந்த ஐந்தையும் விழுங்கியது. மனம் தளராமல் அவர் பிரஸ்ஸல்ஸை அழைத்தார், பிறகு ஜூரிக்கை. அங்கே காத்திருக்கச் சொல்லிப் பன்னிரண்டு நிமிடம் இசை போட்டார்கள். இசை தரமாக இருந்ததாகக் குறிப்பேட்டில் பதிவு செய்தார்.

ஜூன் மாதம், சிவப்பு எழுத்தில் டெலிபோன் பில் வந்தது. முந்தைய இரண்டு பில்களும் எங்கே என்று ஜெயலீலா தேடினார். வழிகாட்டிக்குள் இருந்தன, பக்க அடையாளத்துக்கு. மூன்றையும் கூட்டிப் பார்த்தார். செக் எழுதி அனுப்பிவிட்டு டிராவல் ஏஜென்ட்டைப் பார்க்கப் போனார்.

"டிக்கெட் போட்டாச்சுங்க. ஜூலை பத்து, பாரிஸ்."

சத்தியசீலன் முகம் மலர்ந்தது. "மூணு சீட்டும் ஒரே வரிசையிலயா?"

"ரெண்டுதான். எனக்கும் ஸ்டெஃபிக்கும்."

"ஸாரி, டாட்" என்றாள் ஸ்டெஃபி.

"அப்ப எனக்கு?"

"உங்க டிக்கெட் காசு மொத்தமும் ஃபோன் பில்லுக்குப் போயிடுச்சு" என்றார் ஜெயலீலா. "செலவைக் குறைக்கணும்னு சொல்லிட்டே இருந்தீங்கல்ல? ஒரு ஆளைக் குறைச்சிட்டேன்."