யானை திருடியவரும் மனசு மேடமும்

திண்டிவனம் கோர்ட்டில் நீதிபதியைவிட அதிகமாக எல்லாரையும் நடுங்க வைத்தவர் மனசு மேடம்தான். தடயவியல் உளவியல் நிபுணர் என்று நீட்டி முழக்க யாருக்கும் நேரமில்லாததால் வக்கீல்கள் வைத்த பெயர் அது. விழுப்புரத்திலிருந்து அவர் வந்து இறங்கினால் டவாலி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். கண்ணைப் பார்த்தே மனசைப் படித்துவிடுவாராம்.

உண்மையில் அவருக்குப் பஸ் போர்டைக்கூட ஒழுங்காகப் படிக்க வராது. திண்டிவனம் வரவேண்டியவர் ஒருமுறை செஞ்சிக்கும், இன்னொருமுறை மரக்காணத்துக்கும் போய் இறங்கிவிட்டு எனக்குப் போன் செய்திருக்கிறார். கூட்டேரிப்பட்டில் யார் எந்த மல்லாட்டையைத் தலையில் கட்டினாலும் நம்பி வாங்கிவந்து, உள்ளே கடலையே இல்லாத பொக்குகளாக உரித்துக்கொண்டிருப்பார்.

அப்போது நான் ஜூனியர் வக்கீல். என் கட்சிக்காரர் முகையூர் பக்கத்துக்காரர். மயிலத்துக்குக் கரும்பு வெட்ட வந்த இடத்தில், கிணற்று மோட்டார் திருடியதாகப் பிடித்துவிட்டார்கள். போலீஸ் கேட்டதற்கு ஆமாம் என்றார். மாஜிஸ்திரேட் கேட்டதற்கும் ஆமாம். நீங்கள்தான் எடுத்தீர்களா என்று நான் கேட்டாலும் ஆமாம். எடுக்கவில்லைதானே என்றாலும் ஆமாம். எனக்குத் தலை சுற்றியது.

நான் கேட்டுக்கொண்டபடி, கோர்ட் அனுமதியோடு மேடம் அவரை ஜெயிலில் பலமுறை சந்தித்துப் பேசினார், பரீட்சைகள் வைத்தார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். கரும்பு விலை, பிள்ளைகள் படிப்பு என்று பேசிக்கொண்டே வந்தவர், குரலை மாற்றாமல் கேட்டார்.

"போன வருஷம் உங்க ஊர்ல யானை காணாமப்போச்சாமே. அதுவும் நீங்கதானா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாங்க மேடம்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"வூட்டுக்குப் பின்னாலதாங்க. தவுடு வெச்சிக்கினு இருந்தேன்."

அந்த ஊரில் எந்தக் காலத்திலும் யானை இருந்ததில்லை.

விசாரணையில் அரசு வக்கீல், இவர் நடிக்கிறார் என்றார். அதையும் சோதித்துப் பார்த்ததை மேடம் பொறுமையாக விளக்கினார். அப்படியானால் இவர் திருடவில்லை என்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. அழுத்திக் கேட்டா இவரு எதுக்கும் ஆமான்னுடுவாரு. அந்த ஆமாவை நம்பி ஜெயில்ல போடாதீங்கன்றேன், அவ்ளோதான்."

மோட்டாரும் அகப்படவில்லை, வேறு சாட்சியமும் இல்லை. விடுதலையானார்.

வெளியே வந்ததும் மேடம் அவரிடம், ஏன் அப்படி ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டார். "பெரியவங்க கேக்கும்போது இல்லன்னு எப்டிங்க சொல்றது?" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

மேடம் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போய், ஒரு கிளாஸை அவரிடம் நீட்டினார். மனுஷன் டீயைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "வேணாங்க, எனக்கு டீ ஒத்துக்காது" என்றார்.

மேடத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! அவருடைய டீயையும் தானே குடித்துவிட்டு, குழந்தைபோல் சிரித்துக்கொண்டே, லாரி வருவதைக்கூடப் பார்க்காமல் ரோட்டில் இறங்கிவிட்டார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பாத்து வாங்கக்கா" என்றேன். மேடம் என்று கூப்பிட அன்றைக்கு வாய் வரவில்லை.