மாமனாரின் குட்டி பிளேன்

டிவி விவாதம் பார்த்துக் கெட்டுப்போனவனைப் புது மாப்பிள்ளையாக யாரும் வீட்டுக்குள் விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பது என் மாமனாருக்குத் தெரியும். ஆனால் கேட்டால் சொல்ல மாட்டார். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி வந்த முதல் ஆடி. என் மனைவி மீனாவைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மாடியில் நின்றால் ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் நெல்வயலும் தெரிகிற ஊர். ஆடியில் மாப்பிள்ளையைத் தள்ளி வைப்பதுதான் வழக்கம். ஆனாலும் சாரல் நன்றாக இருக்கிறது, வந்து குளித்துவிட்டுப் போகட்டும் என்று மாமனார் பெரிய மனதோடு கூப்பிட்டார். (பாவம், அவருக்கு என்ன தெரியும்.)

சுதந்திர தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. டிவியைப் போட்டால் ஒரே குட்டி விமானப் பீதி. எங்கோ வடக்கே ஒரு சின்ன விமானம் அனுமதி இல்லாமல் பறந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். ஒரு கட்சிக்காரர், அரசு தூங்குகிறது என்றார். இன்னொரு கட்சிக்காரர், நீங்கள் ஆண்டபோது குறட்டையே விட்டீர்கள் என்றார். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் பொம்மை விமானம் ஒன்றை டீ கிளாஸ் மேல் மோதிக் காட்டிவிட்டு, "உங்கள் அருகில் இருப்பவர்களைக் கவனியுங்கள்" என்று எச்சரித்தார். என் அருகில் மாமனார் இருந்தார். வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அப்போதே எனக்குள் ஒரு கண் திறந்துகொண்டது.

மறுநாள் சாயங்காலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே மாமனார் போனில் யாரிடமோ பேசுகிறார்.

"பிளேன் காலைல வந்துரும் அண்ணாச்சி. மருந்தெல்லாம் நம்ம வீட்டுலதான் இருக்கு. முதல்ல ஏட்டையாவுக்கு அடிச்சிருவோம். பொறவு வாத்தியாருக்கு. ஒண்ணுகூட உயிரோட இருக்கக் கூடாது, பாத்துக்கிடும்."

இந்த இடத்தில் என் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். நான் திருவேங்கடத்துக்காரன். எங்களுக்கு வயல் கிடையாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். மருந்து என்றால் எங்களுக்கு வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. நெல் விளைகிற ஊரில் மருந்து என்றால் பூச்சிக்கு அடிப்பது என்றும், ட்ரோன் என்ற சொல் வாயில் நுழையாத மாமனார் அதைப் பிளேன் என்றுதான் சொல்வார் என்றும் யாராவது கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஜாதகப் பொருத்தம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

பின்கட்டுக்குப் போனேன். வெள்ளை வெள்ளையாகக் கேன்கள். எல்லாவற்றிலும் மண்டையோட்டுப் படம். சதிகாரர்கள் இவ்வளவு நாணயமாகப் படம் ஒட்டி வைப்பார்களா என்று யோசிக்கிற நிதானம் எனக்கு இல்லை. மீனாவைத் தனியாக அழைத்து, உங்க அப்பாவுக்கும் ஏட்டையாவுக்கும் ஏதாவது பகையா என்று கேட்டேன்.

"பகையா? ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. நாளைக்கு முதல்ல அவங்களுக்குத்தான் அடிக்குதாவ. பாவம், எனக்கு அடிங்க, எனக்கு அடிங்கன்னு எத்தன நாளா கேக்குதாவ தெரியுமா?"

ஆக, மகளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்தச் சம்பந்தமே ஒரு திட்டத்தின் பகுதியோ என்றுகூடத் தோன்றியது. சாப்பாடு இறங்கவில்லை. மாப்பிள்ளை ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து மாமியார் அப்பளத்துக்கு மேல் அப்பளமாக வைத்தார். மாமனார் கவலையோடு என்னையே பார்த்தார். அந்தக் கவலையைப் பார்த்து நான், ஆள் உஷாராகிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

ஒரு பக்கம் நாடு, ஒரு பக்கம் மாமனார். போலீசுக்குச் சொன்னால் மீனா என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் ஒரு ஏட்டையாவும் ஒரு வாத்தியாரும் காலி. நடுவழியாக, தென்காசியில் டிவி நிருபராக இருந்த என் கல்லூரி நண்பனுக்குப் போன் போட்டு, சும்மா விசாரித்துப் பார், என் பெயர் வேண்டாம் என்றேன். அவனும் ஒழுங்காகப் பெயரை விட்டுவிட்டான். "தென்காசி அருகே மர்ம விமானம்? மருமகன் பகீர் தகவல்" என்றுதான் ஓடவிட்டான்.

காலையில் வயலுக்குப் போனால் திருவிழாக் கூட்டம். வரப்பில் ஆறு இறக்கைகளோடு ஒரு பூச்சி மாதிரி அந்தப் பிளேன் உட்கார்ந்திருந்தது. இதுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதற்குள் டிவி கார் வந்தது. டிவி கார் வந்ததைப் பார்த்து ஒரு கட்சிக்காரர் கொடியோடு வந்து, எங்கள் வானத்தைக் காப்பாற்று என்று கோஷம் போட்டார். கடைசியாக ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கினவர் ஏட்டையாவேதான்.

"அண்ணாச்சி, மேல இருந்து சொல்லிட்டாவ. ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போயிரும்" என்றார்.

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்தா அடிச்சு முடிச்சிட்டு வாரேன். மொதல்ல ஒமக்குத்தானே அடிக்குதேன்."

"எனக்கு அடிக்கப் போறீருன்னுதான் வேய் புகாரே" என்று சொல்லிவிட்டு, ஏட்டையா திரும்பித் தன் வயலை ஏக்கத்தோடு பார்த்தார். குருத்துப்பூச்சி விழுந்து அங்கங்கே வெளுத்துக் கிடந்தது.

எனக்கு எல்லாம் விளங்கியது அப்போதுதான். மருந்து, கேன், அடி, உயிரோடு இருக்கக் கூடாது, எல்லாம் வரிசையாக வந்து தலையில் குட்டின. ஓசைப்படாமல் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் போனேன். (தென்னை மரம் ஒல்லி. நான் அப்படி இல்லை.) நண்பன் மைக்கோடு அங்கேயே வந்து, "இதோ, சொந்த மாமனார் என்றும் பாராமல் நாட்டுக்காகத் தகவல் தந்த மருமகன்" என்று நேரலையில் என்னை ஊருக்கே காட்டினான். வீட்டில் மீனாவும் மாமியாரும் டிவி முன்னால்தான் இருந்திருக்கிறார்கள்.

வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கட்சிக்காரர்கூடக் கொடியைச் சுருட்டிக்கொண்டார். ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்த மாமனார் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"மாப்ள, வெறும் வயித்துல நிக்காதிய. வீட்டுல ஆப்பம் ஊத்திருக்கா, போயிச் சாப்பிடுங்க" என்றார். ஜீப் போய்விட்டது. அன்றைக்கு வந்த வெட்கம் போல எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மதியத்துக்குள் அவரை விட்டுவிட்டார்கள். பிளேனை மட்டும் கொடியேற்றம் முடிகிற வரைக்கும் வைத்துக்கொண்டார்கள். பூச்சிக்குச் சுதந்திர தினம் தெரியாதே. அதனால் மாமனாரும், டூட்டி முடிந்து லுங்கியோடு வந்த ஏட்டையாவும் முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். நான் தண்ணீர் சுமந்தேன். மீனா ஆவணி பிறக்கிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. மாமியார் பேசினார், ஆனால் அப்பளம் நின்றுபோனது.

மாமனார் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன் வந்தால் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இரும், பக்கத்துல மாப்ள இருக்காவ" என்று சொல்லித் தெருவுக்குப் போய்விடுவார். வீட்டில் ஆரம்பித்தது ஊருக்கே பரவிவிட்டது. போன மாதம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வாங்க நின்றிருந்தேன். முன்பின் தெரியாத இரண்டு வியாபாரிகள் விலையைப் பற்றிக் காதோடு காதாக ஏதோ பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் மற்றவரைச் சட்டென்று தடுத்தார்.

"மெல்லப் பேசும் வேய். பக்கத்துல மாப்ள எவனாச்சும் இருக்கப்போறான்."

நான் தக்காளி வாங்காமலே வந்துவிட்டேன்.