குளிர்க்கை மாஸ்டரும் குட்டிப்பெட்டியும்

ஹால் நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, தெருமுனைவரை வரிசை. ஆளுக்கொரு குட்டிப்பெட்டி கையில். டிவிக்கு அடியில் வைத்து கேம் ஆடுகிற, டிபன் பாக்ஸ் அளவுக் கம்ப்யூட்டர். புதிதாக வந்த பெரிய கேமைப் போட்டால் திணறும், கொதிக்கும். குளிர்க்கை மாஸ்டர் கை வைத்தால் பறக்கும் என்று ஊரே பேசியது. ஊரே பேசியபிறகு மூளைக்கு என்ன வேலை? லீவு கொடுத்துவிட்டார்கள்.

ஹாலுக்குள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் ஒரு பஸ் டிரைவர். பக்கத்தில் அவர் மனைவி, வாஷிங் மெஷின் மெக்கானிக். சூட்டை உறிஞ்சும் என்று மாஸ்டர் விற்ற தகடு ஒன்றைப் போன வாரமே வாங்கிப் பெட்டியில் ஒட்டியிருந்தார் டிரைவர், சரியாகக் காற்றோட்ட ஓட்டைகளின் மேல். மகளோடு ஆடிய முதல் ரேஸிலேயே கருகல் நாற்றம் வந்து பெட்டி அணைந்தது. பயந்த மகள் அதன்பிறகு டிவி இருக்கிற அறைக்கே வரவில்லை.

"மூக்கை அடைச்சா மூச்சு முட்டாதா?" என்றாள் மனைவி.

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் அது சூடாகுது."

மனைவியின் சந்தேகத்துக்கு அத்தனை டிகிரி!

மாஸ்டர் வந்தார். மேசையில் இருந்த பெட்டிமேல் கை வைத்துக் கண்ணை மூடினார். டிவியில் மழை, மின்னல், நூறு கார்கள். ஒரு திக்கல் இல்லை. ஹாலே வாயைப் பிளந்தது.

"ஒரு சின்ன சந்தேகம் மாஸ்டர்" என்று எழுந்தாள் மனைவி.

"சந்தேகம் வந்தா சக்தி போயிடும்மா."

"போறதைத்தான் பார்ப்போமே" என்று போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பெட்டியின் விளக்கு அணைந்தது. டிவியில் கார் மட்டும் வளைவில் ஜம்மென்று திரும்பியது.

"கரன்ட் இல்லாமலே ஓட வைக்கிறாரே!" என்று கத்தினார் டிரைவரின் எதிர்வீட்டு ரிட்டயர்டு கிளார்க். கைதட்டல் காதைப் பிளந்தது. மாஸ்டரும் கூச்சமில்லாமல் குனிந்து வணங்கினார்.

தட்டத் தூக்கிய டிரைவரின் கை பாதியில் நின்றது. இன்ஜினை அணைத்தபிறகும் பஸ் மேட்டில் ஏறினால், யாரோ பின்னால் தள்ளுகிறான் என்றுதானே அர்த்தம்? டிவியிலிருந்து போன ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அது ஒரு திரைக்குள் போயிற்று. திரையை இழுத்தார்.

உள்ளே பீரோ மாதிரி ஒரு ராட்சதக் கம்ப்யூட்டர். நான்கு ஃபேன். அதன் முன்னால் கன்ட்ரோலரோடு மாஸ்டரின் மச்சான். "இருங்க, கடைசி ரவுண்டு" என்றான், தலையைத் திருப்பாமலே.

அப்புறம் நடந்த கூச்சலில் மாஸ்டர் எந்த வாசல் வழியாகப் போனார் என்பது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரைவர் தகட்டைச் சுரண்டி எடுத்தார். மனைவி கேமின் செட்டிங்ஸில் போய்க் காட்சிகளின் நிழலைக் குறைத்தாள், படத்தின் துல்லியத்தை ஒரு படி இறக்கினாள். மழை கொஞ்சம் மங்கல்தான். ஆனால் கார் தடங்கலில்லாமல் ஓடியது. கதவோரம் எட்டிப் பார்த்த மகள், மெல்ல வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்கடி" என்றார் டிரைவர், யாரிடம் என்று சொல்லாமல். இரண்டு பேருமே சிரித்தார்கள்.

மறுநாள் கிளார்க் ஓடி வந்தார். "அந்த மாஸ்டர் போலி சார்! அடுத்த தெருவுல ஒருத்தர் வாயால ஊதியே ஓட வைக்கிறாராம். வர்றீங்களா?"

"சொன்னதை எல்லாம் அப்படியே கேட்கிறதுக்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கே சார்" என்றார் டிரைவர். "நாமளும் எதுக்கு?"