டீபோயில் ஏறிய மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன வீட்டில் டீபோய் மேல் ஏறி நின்ற மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து கொழும்பில் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமே இல்லை. (பொய். காது சூடாகிவிட்டது.)

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். துறைமுகத்தில் இறங்கும் பழைய ஜப்பான் வான் வண்டிகளைக் கழுவித் துடைக்கும் யார்டில் வேலை. வான்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது. மனிதர்கள் என்றால்தான் பிரச்சினை. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும்வரை போய், இறங்கித் திரும்பி நடந்து வருவேன். மூன்று பெண் வீட்டார் என்னைப் பார்த்துவிட்டு, "பொடியன் ஊமையோ?" என்று கேட்டிருந்தார்கள்.

நாலாவது இடம் வெள்ளவத்தை. சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, ஒரு சிங்கள அம்மாவின் மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம். பெண் பெயர் ஸ்டெல்லா. போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் போட்டோவை யார்டுக்கும் கொண்டுபோனேன் என்று சொன்னால் என் நிலைமை விளங்கும்.

அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தம்பி, இந்த முறையும் வாயைத் திறக்காட்டி, உனக்காக நான் இனி ஒரு வீட்டுப் படியும் ஏற மாட்டன். எனக்கும் மானம் இருக்கு."

அந்த வாரம் ஒரு வானின் சீட்டுக்கடியில் ஜப்பான் படக்கதைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஜப்பான் எழுத்து எனக்குத் தெரியாது. படங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிட்டேன்.

கதையில் இரண்டு பையன்கள். ஒருவன் அச்சு அசலாக நான். கண்ணை மறைக்கும் தலைமயிர், நெற்றியில் சொட்டுச் சொட்டாக வியர்வை, வாய்க்குப் பக்கத்தில் வரைந்த வட்டத்துக்குள் வெறும் புள்ளிகள். மற்றவனுக்கு மயிர் ஆணிபோல நிமிர்ந்திருந்தது. முகத்தில் பாதி வாய். எதன்மேலாவது ஒரு காலைத் தூக்கி வைக்காமல் பேசமாட்டான். கதை தொடங்கும்போது ஒரு பெண், ரயில் நிலைய வாங்குப் பலகையில் உட்கார்ந்து கூச்சக்காரனோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவனை விட்டு விலகுகிறாள். கடைசிப் பக்கத்தில் வாய்க்காரன் மேசைமேல் ஏறி விரலை நீட்டி முழங்குகிறான், இவள் கை தட்டுகிறாள். (நடுவில் மழையில் தொப்பலாக நனைந்தவள், பக்கத்தைப் புரட்டியதும் காய்ந்துபோயிருந்தாள். ஜப்பானில் வெயில் கடுமை போல என்று விட்டுவிட்டேன்.)

கூச்சக்காரன் தோற்றான், வாய்க்காரன் வென்றான். எனக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தர முடியும்? ஒரு வாரம் வான் பம்பர்களில் கால் வைத்துப் பழகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு கிளம்பும்போது, ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம் என்று புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். சிப்பாய் புத்தகத்தை உருவி, இரண்டு பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா தேநீர்த் தட்டோடு வந்தாள். அவளுடைய அப்பா, கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர், அன்பாகத்தான் கேட்டார். "தம்பி என்ன வேலை செய்யிறீர்?"

எழுந்தேன். காலைத் தூக்கி டீபோயில் வைத்தேன். ஒரு கால் போதாது என்று தோன்றியது. மற்றக் காலையும் வைத்தேன். விரலைக் கூரைக்கு நீட்டினேன்.

"நான் பிலிப்! என்னைப்போல ஒருத்தன் இந்தக் கொழும்பிலயே இல்ல! ஹா! ஹா! ஹா!"

மூன்றாவது 'ஹா'வில் டீபோய்க் கண்ணாடி உடைந்து கொட்டியது; என் இரண்டு காலும் மரச்சட்டத்தில் தப்பி நின்றன.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு ஆண்குரல் அப்படி முழங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ராணுவம் சோதனைக்கு வந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டுமாக ஓடி வந்தார்கள். முகத்தில் சவர நுரையோடு வந்த ஒருவர், உயரத்தில் நின்றவன் நான்தான் என்பதால், அட்டையை என்னிடமே நீட்டினார். வீட்டுக்கார அம்மா கீழிருந்து, "மொகத வுணே? செக்கிங்த?" என்று கத்தினார். என்ன நடந்தது, செக்கிங்கா என்று கேட்கிறார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்குள் இருந்த வாய்க்காரன் அந்தக் கணமே ஓடிப்போனான். நான் இறங்கி, முழங்காலிட்டு, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். ஸ்டெல்லா வெறுங்காலோடு நின்றாள். முகம் துடைக்கும் என் லேஞ்சியை எடுத்து அவள் காலடியில் விரித்தேன். குனிந்தபோது புத்தகம் சட்டைக்குள்ளிருந்து விழுந்தது.

அவளுடைய அப்பா அதை எடுத்து, வலப்பக்கமிருந்து திறந்தார்.

"ஐயா, அது கடைசிப் பக்கம்" என்றேன். அன்று நான் சாதாரணக் குரலில் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஆர் சொன்னது? நான் எத்தினை தரம் யப்பானுக்குப் போனனான். அவங்கள் இந்தப் பக்கத்தாலதான் தொடங்குவாங்கள்." பக்கங்களைப் புரட்டினார். "இஞ்ச பாரும். வாய் காட்டுறவன் முதல்ல மேசையில ஏறுறான். பிறகு பெட்டை மழையில நனையிறாள். இந்தப் பேசாத பொடியன் குடையைக் குடுத்திட்டு ஓடுறான். கடைசியில அவனோடதான் வாங்கில இருக்கிறாள். நீர் எந்தப் பக்கத்தால வாசிச்சனீர்?"

நான் இடப்பக்கத்தைக் காட்டினேன். அறையில் யாரோ தும்முவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஸ்டெல்லா. அந்தப் போட்டோவில் அடக்கிய சிரிப்பு முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. லேஞ்சியிலேயே நின்றுகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, குடை குடுத்தவர் இவர்தான்."

அண்ணி முந்தானையை விலக்கினார். மூன்று மாதத்தில் கல்யாணம். மாமனார் தந்த முதல் பரிசு ஒரு டீபோய். முழுக்க மரம், கண்ணாடி கிடையாது. அதில் யாரும் ஏறலாம்.

இப்போது என் மகள் இந்தப் புத்தகங்களை விழுந்து விழுந்து வாசிக்கிறாள். மங்கா என்று பெயராம். "அப்பா, இப்ப கூச்சக்காரங்கள்தான் நிறையக் கதையில ஹீரோ" என்கிறாள். எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்கிறது. நிமிர்ந்த தலையோடு வீட்டில் எப்போதாவது குரலை உயர்த்தினால், குசினியில் சமைத்துக்கொண்டே ஸ்டெல்லா கேட்பாள்:

"என்னப்பா, எந்தப் பக்கத்தால வாசிக்கிறியள்?"

காலைக் கீழே வைத்துவிடுவேன்.