பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தவன்

"வா" என்று நான் முதலில் சொல்வதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன்.

என் மனைவியைத் தலைமை நர்ஸாக்கி, ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போது, "நான் இல்லாம இருந்துடுவீங்களா?" என்று கேட்டாள். ஜோராக இருப்பேன் என்றேன். வாய்க்கொழுப்பு. மூன்றாம் நாளே அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். போனில் மட்டும் வீறாப்பு குறையவில்லை.

அவளுக்கு லீவு உள்ள நாளில், ஆபீஸ் வேலையாக வந்ததுபோல் போய் நின்றால் முகத்தையும் பார்க்கலாம், மானமும் கப்பலேறாது. ஆஸ்பத்திரியின் டியூட்டி பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அவள் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நானோ புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். வேறென்ன வேண்டும்?

தலையில்லாத பிரவுசர் என்று ஒன்று உண்டு. திரையில் முகம் காட்டாது. சொன்ன பக்கத்தைத் திறந்து, படம் பிடித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடும். வீட்டில் நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

லேப்டாப்பில் அருமையாக ஓடியது. ஆனால் மூடினால் தூங்கிவிடுகிறதே! அதனால் அந்தப் படத்தைக் காட்ட ஒரு வெப் ஆப் எழுதி, எந்நேரமும் விழித்திருக்கும் வாடகைக் கணினியான கிளவுட் சர்வரில் ஏற்றினேன். ஆப் எழுந்தது, பிரவுசர் எழவில்லை. அந்தக் கணினியில் பிரவுசரே கிடையாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மறுபடி ஏற்றினேன். படம் வந்தது, ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டம். தமிழ் எழுத்துருவையும் மூட்டையில் திணித்தேன். கட்டங்கள் மறைந்து அவள் பெயர் முழுதாக வந்தபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரையைத் தொட்டேன். கண் கலங்கிவிட்டது.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம். இரண்டு மாதமாக அவள் பெயருக்கு நேரே டியூட்டி, டியூட்டி, டியூட்டி. ஒருநாள் 'வெள்ளி: விடுப்பு' என்று வந்தது. வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கதவைத் திறந்தவள் சீருடையில் இருந்தாள்.

"இந்தப் பக்கம் ஆபீஸ் வேலையா வந்தேன். அப்படியே..."

"டீ போட்டு மூடி வச்சிருக்கேன். குடிங்க."

"நான் வர்றது உனக்கெப்படித் தெரியும்?"

போனை நீட்டினாள். 'உங்கள் கணக்கில் புதிய கருவியிலிருந்து நுழைவு.' பத்து நிமிடத்துக்கு ஒன்று. லேப்டாப் பிரவுசர் ஒருமுறை நுழைந்தால் ஞாபகம் வைத்திருக்கும். நான் மூட்டை கட்டி அனுப்பியதோ ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மறந்து புது ஆளாக எழுந்திருக்கிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

"முதல்ல திருடன்னு பயந்தேன். அப்புறம் யோசிச்சேன். எந்தத் திருடனுக்கு என் டியூட்டி மேல இவ்வளவு ஆசை?"

"ஆனா இன்னைக்கு லீவுன்னு போட்டிருந்ததே?"

"பட்டியல் போடுறதே நான்தாங்க. உங்களை வரவழைக்கத்தான் லீவுன்னு போட்டேன். நீங்க பஸ் ஏறியிருப்பீங்கன்னு நெனச்சதும் அதை அழிச்சிட்டேன்."

பிறகு குரல் தணிந்தது. "வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன மாசமே ஓடி வந்திருப்பேன். நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

சபதமாவது, மண்ணாவது. "வா" என்றேன்.

"டியூட்டிக்கு நேரமாச்சு. பக்கெட்ல துணி ஊறுது, பிழிஞ்சு காயப்போட்டுடுங்க." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதம் ஆறு மணி நேரம் தள்ளியிருந்து ஏங்கியவன், அன்று அவள் அறையிலேயே, அவள் சீருடையைப் பிழிந்துகொண்டு ஏங்கினேன்.